எல்லைக்கல்லில் ஒரு சூரிய மீன்

எனக்கு நல்ல யோசனைகள் வருவது பேருந்தில்தான். கெட்ட யோசனைகள் வருவதும் அங்கேதான். ஏறும்போது எது எந்த ரகம் என்று தெரிவதில்லை. இறங்கிய பிறகுதான் தெரியும். சில சமயம் இறங்கி மூன்று வருஷம் கழித்து.

அன்று மாசி மாத ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டே முக்கால் இருக்கும். புதுக்கோட்டையில் கடை திறக்கும் முன்பே போய் நின்று, சார்ட் பேப்பர், தெர்மகோல், ஸ்கெட்ச் பேனா எல்லாம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வண்டி இன்னும் கிளம்பவில்லை. அப்போது அன்சாரியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கூடவே ஒரு குரல் பதிவு.

"டேய் குமரேசா, காலேஜுல ஒரு மீனப் பத்தி ஒரு மணி நேரம் அறுத்தியே, ஞாபகம் இருக்கா? அது எங்க மாமு வலையில வந்து கெடக்குடா. வாலே இல்ல."

வீடியோவைப் பார்த்தேன். கோட்டைப்பட்டினம் கரையில், ஒரு பெரிய மீனை யாரோ நடுவில் வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் போட்டுவிட்டுப் போனதுபோல ஒன்று கிடந்தது. மேலே ஒரு துடுப்பு, கீழே ஒரு துடுப்பு, நடுவில் திகைத்துப்போன ஒரு கண். சூரிய மீன். எலும்பு மீன்களிலேயே மிகக் கனமான ரகம்.

நான் பேருந்திலிருந்து இறங்கினேன். அவ்வளவுதான். அந்த ஒரு படியில் இறங்கியதற்குத்தான் இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். மாவட்டத்துக்குக் கடல் உண்டு, எங்களுக்குக் கிடையாது. ஊரில் ஒரு தனியார் பள்ளி. அதில் அறிவியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர்: விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்த நான், இன்னொருவர் கீரனூர்க்காரர். தலைமையாசிரியை நேர்முகத் தேர்வெல்லாம் வைக்கவில்லை. திங்கட்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி, ஆளுக்கு ஒரு மேசை, எதையாவது வைத்துப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள், தாளாளர் வந்து பார்ப்பார், பிள்ளைகள் எந்த மேசையில் நிற்கிறார்களோ அந்த மேசைக்காரருக்கு வேலை என்று சொல்லிவிட்டார்.

வேலை கிடைக்காவிட்டால் திருப்பூர். சித்தப்பா இருக்கும் பனியன் கம்பெனியில் அப்பா பேசியே முடித்துவிட்டார். பெட்டிகளின் மேல் அளவுச் சீட்டு ஒட்டும் வேலை. உயிரினங்களை வகைப்படுத்தப் படித்தவன் இனி எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று வகைப்படுத்துவான். (அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. "அதுவும் பிரிக்கிற வேலதானடா" என்றார்.)

கீரனூர்க்காரர் சோடா மாவும் வினிகரும் ஊற்றினால் பொங்கும் எரிமலை செய்கிறார் என்று தகவல் வந்திருந்தது. என் திட்டம் தெர்மகோலில் இதயம். எரிமலைக்கு முன்னால் இதயம் நிற்காது என்று எனக்கே தெரியும். அந்த நேரத்தில்தான் மீன் வந்தது.

சூரிய மீனை எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே பிடிக்கும். கருத்தரங்கில் பதினைந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஐம்பது நிமிஷம் பேசினேன். முடிவில் அறையில் இருந்தது அன்சாரி மட்டும். (தூங்கியிருந்தான்.) அது ஏன் பிடிக்கும் என்றால், ஒரு கடல் மீன் எப்படியெல்லாம் இருக்கக் கூடாதோ அப்படியெல்லாம் அது இருக்கும். வால் கிடையாது, வால் இருக்க வேண்டிய இடத்தில் துணிக்கு ஓரம் அடித்தாற்போல ஒரு மடிப்பு. வாயை முழுசாக மூட வராது. ஆழத்துக்குப் போய்ச் சில்லென்ற தண்ணீரில் இரை தேடும். பிறகு மேலே வந்து, குளிர் விட, ஒருக்களித்துப் படுத்து வெயில் காயும். செத்துவிட்டது என்று நினைத்துப் படகு பக்கத்தில் போனால் ஒரு கண்ணால் பார்க்கும். மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்த ஒருவனுக்கு அதன்மேல் பாசம் வந்ததில் வியப்பில்லை.

கோட்டைப்பட்டினம் போக அறந்தாங்கிப் பேருந்தில் ஏறிய பிறகு அம்மாவிடமிருந்து அழைப்பு. சாயங்காலம் ஆறரைக்கு மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டு, அதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும், எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். புதுக்கோட்டையில் என்றேன். (அப்போது அது கிட்டத்தட்ட உண்மை.)

காப்புக் கட்டு என்றால் எங்கள் பக்கம் விளையாட்டில்லை. பூசாரி கையிலும் ஊர்ப் பெரியவர்கள் கையிலும் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் எட்டு நாள் ஊருக்குள் கறி, மீன் கொண்டுவரக் கூடாது. ஊர்க்காரன் யாரும் எல்லைக்கு வெளியே இராத் தங்கக் கூடாது. இரண்டுமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கணக்குப் போட்டேன். காப்புக் கட்டிய பிறகுதானே கொண்டுவரக் கூடாது? ஆறரைக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டால் அது ஏற்கெனவே ஊரில் இருக்கிற மீன். ஏற்கெனவே இருப்பதை யாரும் கொண்டுவர முடியாது. பேருந்து ஜன்னலில் தலையை முட்டுக் கொடுத்தபடி என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். படித்தவனுக்கு வரும் முட்டாள்தனம் தனி ரகம். அதற்கு விளக்கவுரையும் கூடவே வரும்.

கோட்டைப்பட்டினத்தில் அன்சாரியின் மாமு, அதாவது அவன் அம்மாவின் தம்பி, விசைப்படகு வைத்திருந்தார். சனிக்கிழமை கடலுக்குப் போன படகு ஞாயிறு காலையில் கரைக்கு வந்தபோது வலையில் இது செத்துக் கிடந்திருக்கிறது. உயிர் இருந்திருந்தால் கடலிலேயே தள்ளிவிட்டிருப்பேன், இது வலையைக் கிழிக்கிற சனியன் என்றார். முப்பது வருஷத்தில் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாராம், அதுவும் தெற்கே மன்னார் பக்கம். இங்கே வரக் காரணமே இல்லை. எங்கள் மாவட்டத்துக் கடல் ஆழம் குறைந்தது, பெரிய கண்மாய் மாதிரி. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் போய் வருகிற பிராணிக்கு இது முழங்கால் தண்ணீர்.

இங்கே இதற்கு என்ன பெயர் என்று நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு கேட்டேன்.

"விக்கிற மீனுக்குத்தான் தம்பி பேரு வப்போம்" என்றார் மாமு. "இத ஒருத்தனும் வாங்க மாட்டான். நீங்க ஒரு ஆளு வந்துருக்கீங்க, நீங்களே வச்சுட்டுப் போங்க."

குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்றை அன்சாரி பிடித்து வந்தான். ஓட்டுநர் பெயர் செல்வம். பொறுமைசாலி. அந்தப் பொறுமையை நாங்கள் அன்றைக்கே தீர்த்துவிட்டோம். மீன் நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. எடை கூடப் பெரிதில்லை; வழவழப்புதான் பெரிது. சூரிய மீனின் தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, ஆனால் அதன்மேல் விரல் கனத்துக்குக் கொழகொழப்பு. ஆறு பேர் தூக்கினோம். மூன்று தடவை அது எங்களிடமிருந்து நழுவி நிதானமாக மணலுக்குத் திரும்பிப் போனது. கடைசியில் கோணிச் சாக்குகளைப் போட்டு, என் சார்ட் பேப்பர் முழுவதையும் கையில் சுற்றிக்கொண்டு பிடித்து ஏற்றினோம். படுக்க வைத்தும் மேல் துடுப்பு வண்டிக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. ஐஸ் கொட்டி, தார்ப்பாயைப் போர்த்திக் கிளம்பும்போது மணி இரண்டு.

அப்படியும் நேரம் இருந்தது. மூன்று மணி நேரம் ஓட்டினால் ஐந்து. ஒன்றரை மணி நேரம் கையிருப்பு.

அதை நான் ஆலங்குடியில் செலவு செய்தேன்.

டீ குடிக்க நிறுத்தினோம். துடுப்பைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். தேங்காய் மண்டியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பது பேர் ஆகிவிட்டது. ஒருவர் திமிங்கலக் குட்டி என்றார். இன்னொருவர், பாதி மீனே இவ்வளவு பெரிசா, மிச்சம் எந்த வண்டியில் வருகிறது என்று கேட்டார். நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் தப்பான தகவலை ஒரு மனிதனிடம் விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. தார்ப்பாயை விலக்கினேன். இது உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனுக்குச் சொந்தக்காரன், கிளிமூக்கு மாதிரி ஒட்டிப்போன பல்லைப் பாருங்கள் என்று தொடங்கினேன். கடல் சொறி என்று ஒன்று உண்டு, குடை மாதிரி, பட்டால் அரிக்கும், அதை இது சளைக்காமல் தின்னும் என்றேன். சொறியை மட்டுமா தின்னும் என்று ஒருவர் கேட்டார். பாருங்கள், நல்ல கேள்வி. கணவாய், சின்ன மீன் எல்லாம் உண்டு என்று அதற்குத் தனியாகப் பத்து நிமிஷம். வண்டியின் பக்கப் பலகையில் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தேன் என்று அன்சாரி பிற்பாடு சொன்னான். எனக்கு நினைவில்லை. மனிதன் மகிழ்ச்சியாக இருக்கும்போது எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொள்வதில்லை.

செல்வம் அண்ணன்தான் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, பாடம் நடத்தத்தான பள்ளிக்கூடத்துக்குப் போறோம்? இங்கயே நடத்தி முடிச்சுட்டா அங்கிட்டு எதுக்குப் போறோம்?"

மணி நாலே முக்கால்.

புதுக்கோட்டையைத் தாண்டும்போதே வெயில் சாய்ந்துவிட்டது. கீரனூர்ப் பாதையில் ஒரு சரக்கு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தோம். அன்சாரி பின்னால் மீன்மேல் கை வைத்து உட்கார்ந்து, அது ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் வழுக்கி வருவதைக் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஊர் எல்லைக்கல் கண்ணில் பட்டபோது மணி ஆறு முப்பத்தாறு. கோவில் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் வந்தது. தொடங்குகிற கொட்டுக்கும் முடிகிற கொட்டுக்கும் வித்தியாசம் எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும். இது முடிகிற கொட்டு.

எல்லைக்கல் பக்கத்தில் என் பெரியப்பா நின்றிருந்தார். அப்பாவுக்கு அண்ணன். எங்கள் ஊருக்கு அம்பலம், அதாவது ஊர்த் தலைவர். ஆறரைக்குள் உள்ளே வராத ஒரே ஊர்க்காரன் சொந்தத் தம்பி மகன் என்பதால் தேடிக்கொண்டு வந்திருந்தார். கையில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு. கூடவே அம்மாவும், வேடிக்கைக்குப் பாதி ஊரும்.

வண்டியை நிறுத்தினோம். நீட்டியிருந்த துடுப்பை எல்லாரும் பார்த்தார்கள். நான் இறங்கி, திங்கட்கிழமை கண்காட்சியைச் சொன்னேன். வேலையைச் சொன்னேன். ஆறே நிமிஷம்தான் தாமதம் என்றேன். இதைச் சமைக்கப் போவதில்லை, யாரும் சாப்பிடவும் முடியாது, சும்மா பார்ப்பதற்கு என்றேன்.

"சாப்பிடாத மீன எதுக்குய்யா தூக்கிக்கிட்டு வந்த?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பெரியப்பா கெட்டவர் இல்லை. நான் திருப்பூர் போவதில் அவருக்கும் விருப்பமில்லை. தார்ப்பாயை விலக்கச் சொல்லி, எல்லைக்கல்லுக்கு ஊர்ப் பக்கம் நின்றபடியே எட்டிப் பார்த்தார். வாலைத் தேடினார். செதிலைத் தேடினார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வாலு இல்ல, செதிலு இல்ல, திங்கவும் முடியாதுங்கிற. நீ படிச்சவன். ஒத்த வார்த்தையில சொல்லு. இது மீனா, மீன் இல்லையா? மீன் இல்லன்னா உள்ள ஓட்டிட்டு வா."

அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றார். "இல்லன்னு சொல்லிருடா" என்று முதுகில் ஒரு கிள்ளு.

வழி திறந்து கிடந்தது. ஊரே எனக்காகக் காத்து நின்றது. ஒரு பொய், இரண்டு எழுத்துக்கூடத் தேவையில்லை, தலையை ஆட்டினால் போதும். நாளைக்கு என் மேசையில் சூரிய மீன், எனக்குச் சம்பளம், திருப்பூர்ப் பெட்டிகளுக்கு வேறு ஆள். ஆனால் ஆலங்குடியில் முப்பது பேரிடம் பலகைமேல் ஏறி நின்று சொல்லிவிட்டு வந்த வாய் இது. காலேஜில் ஐம்பது நிமிஷம் பேசிய வாய். (மூட வராத வாய் அந்த மீனுக்கு மட்டும் உள்ளதல்ல.)

"மீன்தான் பெரியப்பா" என்றேன். "எலும்பு மீன்லயே பெருசு."

செல்வம் அண்ணன் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

சட்டப்படி எல்லாம் நடந்தது. நான் ஊர்க்காரன், வெளியே இராத் தங்கக் கூடாது. அதனால் உள்ளே போனேன். மீன் மீன், உள்ளே வரக் கூடாது. அதனால் வெளியே நின்றது. அன்சாரியும் செல்வமும் வெளியூர்க்காரர்கள், எங்கே வேண்டுமானாலும் தங்கலாம்; அதனால் மீனுக்குக் காவல் நின்றார்கள். அம்மா அவர்களுக்கு இட்லி கொடுத்துவிட்டார். எனக்கு வைக்கவில்லை.

விடிந்ததும் ஓடினேன். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், புளியமரத்து நிழலில் வண்டி நின்றது. அன்சாரி கையில் ஒரு குச்சியோடு கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். கடற்கரை நாயை விட உங்கள் ஊர் நாய் மோசம் என்றான். ஐஸ் கரைந்து ஓடியிருந்தது. மீன் கொஞ்சம் தளர்ந்து, விரிந்து, எங்கள் எல்லாரையும் விடக் களைத்துப் போயிருந்தது.

பெரியப்பாவும் வந்தார். கல்லைத் தாண்டாமல் நின்று அதன் கண்ணையே பார்த்தார். இதன் ஊர் எது என்று கேட்டார். நடுக்கடல், நல்ல ஆழம், நம் பக்கத்துக் கடல் இதற்கு ஆகாது, எப்படியோ வழி தப்பி வந்திருக்கிறது என்றேன்.

"ஒன்ன மாதிரிதான். போக வேண்டிய எடத்த விட்டுட்டு, போகாத எடத்துல போயி மாட்டிக்கிருச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஒன்பதரைக்குத் தலைமையாசிரியை வந்தார். அவர் புதுக்கோட்டையிலிருந்து பேருந்தில் வருபவர். எங்கள் சிக்கல் முழுவதும் பேருந்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் பள்ளிக்குப் போய், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை வரிசையாக எல்லைக்கல்லுக்கு நடத்திக் கூட்டி வந்தார். பகலில் எல்லை தாண்டலாம், தடை இல்லை. எரிமலையைப் பார்க்க அங்கே இருந்தது பியூன் ஒருவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. பிள்ளைகள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். இது எப்படி நீந்தும் என்று கேட்டார்கள். மேல் துடுப்பையும் கீழ்த் துடுப்பையும் ஒரே பக்கமாக மாற்றி மாற்றி அசைத்து, தோணிக்குத் துடுப்புப் போடுவது போல நீந்தும் என்று இரண்டு கையையும் ஆட்டிக் காட்டினேன். குஞ்சு எவ்வளவு பெரிசு என்றார்கள். அரை அரிசி அளவு, உடம்பெல்லாம் முள், பார்த்தால் நட்சத்திரம் மாதிரி என்றேன். எவ்வளவு முட்டை போடும் என்றார்கள். கோடிக்கணக்கில் என்றேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அப்படியானால் கடல் முழுக்க இதுவாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டாள். இல்லை, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வேறு மீன்கள் தின்றுவிடும், கோடியில் ஒன்று தப்பிப் பெரிதானால் அதிசயம் என்றேன்.

அவள் மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அந்த ஒண்ணையா சார் நீங்க கொண்டாந்துட்டீங்க?"

நான் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து மீனின் கண்ணை மூடினேன்.

அந்த இடத்திலேயே முடித்திருந்தால் வேலை எனக்குத்தான். தாளாளர் வந்து, எல்லைக்கல்லுக்கு ஊர்ப் பக்கம், மீன் படாத தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் காப்புக் கட்டியவர். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், விரதம். மேசைக் கணக்குப்படி பள்ளியே என் பக்கம் நிற்பதை அவரும் பார்த்தார், லேசாகத் தலையும் ஆட்டினார்.

ஆனால் என்னிடம் இன்னொரு தகவல் மிச்சம் இருந்தது.

இந்த மீனின் உடம்பில், உள்ளும் புறமும், பல வகை ஒட்டுண்ணிகள் குடியிருக்கும் என்று சொன்னேன். குச்சியால் செவுளோரம் விலக்கி, வெள்ளையாக நெளிந்த சிலவற்றைக் காட்டினேன். பிள்ளைகள் ஓவென்றார்கள். அதற்காகவும்தான் இது கடல்மேல் ஒருக்களித்துப் படுக்கிறது, அப்போது கடற்பறவைகள் வந்து இறங்கி ஒவ்வொன்றாகக் கொத்தி எடுக்கும், பறவைக்குச் சாப்பாடு, மீனுக்குச் சுகம் என்று, தார்ப்பாயை முழுசாக எடுத்துவிட்டு, எல்லாரையும் நாலடி பின்னால் போகச் சொல்லி, ஒருக்களித்துப் படுத்திருந்த மீனைக் கையால் காட்டினேன்.

எங்கள் ஊரில் கடற்பறவை கிடையாது. காக்கை உண்டு. விடிந்ததிலிருந்து புளியமரத்தில் உட்கார்ந்து அவையும் என் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன. சொல்லி முடிக்கும் முன்னால் இறங்கின. பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் பூரித்துப் போனேன். செயல்முறை விளக்கம் இவ்வளவு கச்சிதமாக எந்த ஆசிரியருக்கும் அமைந்திருக்காது. அதில் ஒரு காக்கை, பெரிய துண்டாக ஒன்றைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அதற்குக் காப்பும் தெரியாது, எல்லைக்கல்லும் தெரியாது. நேராக ஊர்ப் பக்கம் பறந்தது. இன்னொரு காக்கை பிடுங்க வந்தது. துண்டு விழுந்தது.

தாளாளரின் தோளில்.

அங்கிருந்து வழுக்கி, மஞ்சள் வேட்டியில் ஒரு நீளக் கோடு போட்டு, அவர் வெறுங்காலில் போய் உட்கார்ந்தது. அதில் ஒட்டுண்ணி ஒன்று நெளிந்தது.

அவர் காலை உதறாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் பயமாக இருந்தது. பெரியப்பாவை வரவழைத்தார்கள். பூசாரி வந்தார். ஊர் எல்லையிலேயே நிற்க வைத்துக் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஈர வேட்டியோடு நடந்து போகும்போது அவர் எரிமலையைப் பற்றி விசாரித்தார் என்று அறிந்தேன்.

தலைமையாசிரியை கடைசியாக என்னிடம் வந்தார். பிள்ளைகள் மறுபடி வரிசையில் நின்றிருந்தார்கள், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

"வாத்தியாருக்குப் பொய் சொல்லத் தெரியணும்னு அவசியமில்ல, குமரேசன். மணி பாக்கத் தெரியணும். எங்க நிறுத்தணும்னு தெரியணும்" என்றார். பிறகு, போகிற போக்கில், "பாடம் நல்லாருந்துச்சு" என்றார்.

மீனைப் பெரியப்பாவின் தோப்பில், எல்லைக்கு வெளியே விழுகிற கடைசித் தென்னையின் காலடியில் புதைத்தோம். குழி அன்சாரி, செல்வம், நான். வெட்ட வெட்டப் போதவில்லை. மண் தள்ளும்போது அன்சாரி, கடலில் கிடந்ததை இவ்வளவு தூரம் கூட்டி வந்து தென்னைக்கு உரம் போட்ட முதல் விஞ்ஞானி நீதான் என்றான். அதற்குப் பிறகு அவன் எனக்கு ஆறு மாதம் எந்த வீடியோவும் அனுப்பவில்லை.

நான் திருப்பூர் போனேன். ஏழு மாதம் ஒட்டினேன். பிறகு திரும்பி வந்து பி.எட். சேர்ந்து முடித்து, இப்போது கீரனூரில் டியூஷன் எடுக்கிறேன். அந்தக் கடைசித் தென்னை நன்றாகக் காய்க்கிறது. ஆனால் அதன் காயை வீட்டில் யாரும் அம்மனுக்கு உடைப்பதில்லை, சட்னிக்கு மட்டும். விருந்தாளி வந்து சட்னி ருசியாக இருக்கிறது என்று சொன்னால் போதும், அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கிவிடுவார். எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் மீன் கொஞ்சம் வளர்கிறது. போன பொங்கலுக்கு அது லாரியில் வந்திருந்தது.

அது போகட்டும், வீட்டுக்குள் நடப்பது. ஊர் மைக்கில் நடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. காப்புக்கு முந்தின வாரம் பெரியப்பா ஒலிபெருக்கியில் கட்டுப்பாடுகளைப் படிப்பார். அந்தக் காலத்திலிருந்து ஒரே வாசகம். மூன்று வருஷமாக அதில் ஒரு வரி கூடியிருக்கிறது. நேற்றும் படித்தார்.

"ஊருக்குள்ள கறி, மீனு யாரும் கொண்டு வரக்கூடாதுங்க. திங்கிறதுக்கும் சரி, பாக்குறதுக்கும் சரி."

கேட்டுக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஊசி நூல். எரிமலைக்காரர் அரசு வேலை கிடைத்துப் போய்விட்டார். இடம் மறுபடி காலி. தலைமையாசிரியை போன வாரம் கூப்பிட்டு, திங்கட்கிழமை கண்காட்சி, தாளாளர் வருவார், வேட்டியைப் பற்றி அவர் இப்போது சிரிக்கிறார், நீங்கள் ஏதாவது உயிரில்லாததாகக் கொண்டு வாருங்கள் என்றார்.

அதனால் துணியில் தைக்கிறேன். முழு அளவு. திருப்பூரிலிருந்து சித்தப்பா அனுப்பிய கழிவுத் துணி இரண்டு மூட்டை, உள்ளே வைக்கோல். துடுப்பு அசையும். வால் இல்லை. காப்புக் கட்டு ஞாயிறு ஆறரை. நான் வெள்ளிக்கிழமையே பள்ளிக்குள் கொண்டு போய் வைத்துவிடுவேன். இந்தத் தடவை வழியில் எந்த ஊரிலும் டீ கிடையாது.

ஒரே ஒரு சங்கடம். போன மாதம் தென்னை மூட்டில் வாய்க்கால் வெட்டியபோது அந்த மீனின் வாய் கிடைத்தது. அதன் எலும்பில் பாதி குருத்தெலும்பு, மிச்சம் ஒன்றும் தேறவில்லை. கிளிமூக்குப் பல் மட்டும் மேலும் கீழுமாக இரண்டு துண்டு, தேய்த்துக் கழுவியதில் தந்தம் மாதிரி வந்திருக்கிறது. துணி மீனில் அதை வைத்துத் தைத்துவிட்டேன். எடுக்க மனம் வரவில்லை.

நாளைக் காலை பெரியப்பாவிடம் காட்டி அனுமதி கேட்கப் போகிறேன். துணிதானே என்றுதான் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அங்கேயே நிறுத்த வேண்டும். காலையிலிருந்து கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "ஆமா பெரியப்பா, வாய் மட்டும்" என்று தொடங்கிவிடுகிறது.